கடலைக் காட்டும் அம்புகளைப் பழையபடி வைக்க மறுப்பது

அனுப்புநர்:
கினாசி, தாயார் இபு ரெத்னோ,
மேல்நிலைப் பள்ளி மாணவி,
மூன்று முறை தரை உயர்த்திய வீடு, ஆட்டுக் கொட்டிலுக்கு அடுத்து,
தம்பாக்வுங்கு கிராமம், காலிசெகாரா மாவட்டம், வட ஜாவா.

பெறுநர்:
உயர்திரு தலைமை அலுவலர் அவர்கள்,
காலநிலைத் தகவமைப்பு மக்கள் விழிப்புணர்வு அலுவலகம்,
காலிசெகாரா.

பொருள்: தம்பாக்வுங்கு கிராமத்தின் வெள்ளத் தஞ்ச வழிகாட்டி அம்புகளை மறுபடியும் கடலைப் பார்த்து வைக்கச் சொல்லும் உத்தரவை ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: மன்னிப்புக் கடிதம் கேட்டு என் பள்ளிக்குத் தாங்கள் அனுப்பிய கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஒரு வாரத்துக்குள் என்னிடமிருந்து கடிதம் வந்து சேர வேண்டும் என்று என் தலைமையாசிரியருக்கு எழுதியிருந்தீர்கள். கடிதம் இதோ வந்துவிட்டது. அதற்குள் மன்னிப்பு இருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். அதை மட்டும் வீடு முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. இருப்பதை வைத்து எழுதுகிறேன்; பொறுமையாகப் படிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

1. எங்கள் ஊரில் தங்கள் அலுவலகம் நட்ட பச்சைப் பலகைகளின் அம்புகளைத் திருப்பியது நானும் என் வகுப்புத் தோழன் தமரும்தான். தங்கள் கடிதத்தில் 'சமூக விரோதிகள் சிலர்' என்று இருக்கிறது. நாங்கள் இரண்டே பேர்; 'சிலர்' என்பது எங்களுக்குக் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கிறது. விரோதம் என்று பார்த்தால் தமருக்குக் கணக்குப் பாடத்தோடு மட்டும்தான். பட்டப்பகலில், பள்ளி விட்டு வரும் வழியில், தமரின் அப்பா பட்டறை ஸ்பேனரைக் கொண்டு செய்தோம். மறுபடியும் செய்வீர்களா என்று கேட்டால், செய்வோம். அடுத்த முறை ஏணியும் எடுத்துக்கொண்டு போவோம்.

2. வரும் பௌர்ணமிக்குக் கடல் பெரிதாக ஏறும். அதற்கு மறுநாள் 'தயார்நிலைக் கிராமம்' விருதுக்காக மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள். ஆகவே அதற்கு முன் அம்புகளைப் பழையபடி வைக்க வேண்டும் என்பது தங்கள் உத்தரவு. பழையபடி என்றால் கடலைப் பார்த்தபடி. ஐயா, இந்த மனு முழுவதும் அந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான். இடையிடையே நான் சிரித்தால் அது பழக்கதோஷம். விஷயம் சிரிப்பு இல்லை.

3. முதலில் வகுப்பு. மழைக்காலம் முடிந்த கையோடு, 'காலநிலை மாற்றத்துக்கு ஏற்ப வாழப் பழகுவோம்' என்ற தலைப்பில் எங்கள் ஊர்த்தலைவர் பாக் சுமந்த்ரி வீட்டு முன்னறையில் வகுப்பு நடந்தது. பயிற்சியாளராக வந்தவர் தங்கள் அலுவலகத்துத் திரு. ஹென்ட்ராவான். அவர் நல்ல மனிதர் என்பதை இங்கேயே எழுத்துப்பூர்வமாகச் சொல்லிவிடுகிறேன். கீழே வரும் பத்திகளில் அது மறந்துபோகக் கூடும். தண்ணீர் ஏற ஏற நாங்கள் மண் கொட்டித் தரையை உயர்த்துகிறோம். கூரையை உயர்த்த வழியில்லை. அதனால் நாங்கள் வளர வளர எங்கள் வாசல்கள் குள்ளமாகின்றன. காலிசெகாரா மாவட்டத்தில் அதிகாரிகள் தலைகுனிந்து நுழையும் ஒரே ஊர் எங்களுடையதுதான். திரு. ஹென்ட்ராவான் குனியவில்லை. நெற்றி நிலைச்சட்டத்தில் மோதிப் புடைத்து, என் அம்மா ஐஸ் வைத்து ஒத்தடம் கொடுத்த பிறகுதான் வகுப்பு தொடங்கியது. அந்தப் புடைப்பு இந்த வழக்கில் முக்கியமான சாட்சி. தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளவும்.

4. சுவரில் முதலில் ஒரு பனிக்கரடி வந்தது. பனி உருகுகிறது, பாவம் அதற்கு நிற்க இடமில்லை என்றார். மட்டி எடுக்கும் பெரியவர் பாக் கஸ்னோ கை தூக்கினார். பேசியதைப் பேசியபடியே எழுதுகிறேன், மெருகேற்றினால் பொய்யாகிவிடும்.

"தம்பி, அதுக்கு நீந்தத் தெரியுமா?"

"நல்லா நீந்தும், பாக்."

"அப்ப என் மச்சினனுக்கு அது தேவலை. கடலோரத்துலயே பொறந்தான், குளிக்கக்கூடப் பயப்படுறான்."

சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த படம் வந்தது. வருங்காலத்தில் கடல் மட்டம் உயரக்கூடும் என்ற எச்சரிக்கை. அவர் அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே மதியத் தண்ணீர் வாசல்படி தாண்டி வந்து அவருடைய நாற்காலிக் கால்களை நக்கத் தொடங்கியது. நாங்கள் வழக்கம்போலச் செருப்புகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டோம். அவர் தண்ணீரைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்ததையே தொடர்ந்து படித்தார். வருங்காலம் அவருடைய காலுறையை நனைத்துக்கொண்டிருந்தது.

5. அதற்கடுத்த படத்தில்தான் எங்கள் தலையெழுத்து இருந்தது. ஊர் வரைபடம். அதில் ஒரு மாடிக் கட்டடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

"இதுதான் உங்க ஊர்த் தஞ்சமிடம். மாடி இருக்கு, தூணெல்லாம் கெட்டி. வெள்ளம் வந்தா குழந்தை குட்டியோட எல்லாரும் இங்க போயிடணும். சரிதானே?"

ஐயா, அது பழைய ஊர் மண்டபம். வரைபடத்தில் அது ஊருக்கு நடுவில் இருக்கிறது. கடல் வர வர ஊர் பின்வாங்கியது. மண்டபத்துக்குப் பின்வாங்கத் தெரியவில்லை. அதற்குப் போகும் சாலை நான் ஆரம்பப் பள்ளியில் படித்தபோதே தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. இப்போது அங்கே நண்டுகள்தான் கூட்டம் போடுகின்றன, அதுவும் எங்கள் ஊர்க் கூட்டங்களை விட நல்ல வருகையோடு. இது எங்கள் ஊரில் எச்சில் ஒழுகும் குழந்தைக்கும் தெரியும். அப்படிப்பட்ட ஊர் அவருக்குச் சொன்ன பதில், ஒரே குரலில்:

"சரிங்க."

6. தாங்கள் வேறு ஊர்க்காரர் என்பதால் எங்கள் 'சரிங்க'வைக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. காதில் விழுந்தது என்றால் 'சரிங்க'. காதில் விழவில்லை என்றாலும் 'சரிங்க'. முதலில் சாப்பிடுங்கள், பிறகு பேசலாம் என்பதற்கும், எப்போது கிளம்புவீர்கள் என்பதற்கும் அதே சொல்தான். தேடித் தேடிப் பார்த்தால் 'ஆமாம், ஒத்துக்கொள்கிறேன்' என்ற பொருளும் எங்காவது ஒரு மூலையில் இருக்கும். விருந்தாளியிடம், அதுவும் நாலு பேர் நடுவில், 'தப்பு' என்று சொல்வது எங்கள் ஊரில் அவர் முகத்தில் தேநீரை ஊற்றுவதற்குச் சமம். விருந்தாளிக்கு நெற்றியும் புடைத்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

அன்று எனக்குத் தேநீர் கொடுக்கும் வேலை, வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. (போன வருடம் பாக் சுமந்த்ரி வீட்டு வாசலில் 'உயரம் குறைவு, லாரிகள் செல்லக் கூடாது' என்று பலகை மாட்டியதற்காக.) இருந்தும் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா என் தொடையைப் பிடித்துக் கிள்ளினார்.

"அம்மா, அது கடலுக்குள்ள இருக்கு!"

"எங்களுக்குத் தெரியாதாக்கும்? வந்த புள்ளைய எல்லாரும் பார்க்க மட்டந்தட்டச் சொல்றியா? படம் வேற புடிக்கிறாங்க. மண்டை வேற வீங்கியிருக்கு. அப்புறமா பக்குவமாச் சொல்லிக்கலாம், தட்டை எடு."

7. பக்குவமாகச் சொல்வதற்கும் எங்களிடம் ஒரு முறை உண்டு. சம்பந்தப்பட்டவரிடம் நேராகப் போகக் கூடாது. நடுவில் ஒரு ஆள் வேண்டும், தேநீர் வேண்டும், பேச்சு வேறு எதிலோ தொடங்க வேண்டும். நடு ஆளாக ஊர்த்தலைவர் பாக் சுமந்த்ரியை நியமித்தார்கள். அவர் திரு. ஹென்ட்ராவானை வாசல் வரை வழியனுப்பப் போனார். பொரித்த சோயாத் தெம்பேயைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்தார். பின்பு தன் வாழ்நாளிலேயே மிகக் கடுமையான கண்டனத்தைத் தெரிவித்தார்:

"அந்த மண்டபத்துல காத்து ரொம்ப நல்லா வரும், தம்பி. கொஞ்சம் ஈரக் காத்து."

இதை விடக் காரமாக எங்கள் ஊரில் யாரும் பேசியதில்லை. திரும்பி வந்தவருக்கு வியர்த்திருந்தது. "ஒரேயடியா போட்டு உடைச்சுட்டேன்" என்றார். எல்லாரும் அவருக்காக வருத்தப்பட்டார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, இனி அவரே புரிந்துகொண்டு திருத்திவிடுவார் என்று ஊர் நிம்மதியாகக் கலைந்தது. தங்கள் அலுவலக அறிக்கையில் அந்த வாக்கியம் 'தஞ்சமிடத்தில் காற்றோட்டம் சிறப்பு' என்று பதிவாகியிருப்பதைப் பிற்பாடு அறிந்தோம்.

8. பலகைகள் வந்தன. ஓடும் பச்சை மனிதன், அவன் கைக்கு முன்னால் வெள்ளை அம்பு, எல்லாம் கடலை நோக்கி. எங்கள் ஊர்க்காரர்கள் அதில் வலையைக் காயப்போட்டார்கள். "பச்சைக்காரன் இன்னிக்கும் மட்டி எடுக்கத்தான் ஓடுறான், முந்திக்கணும்" என்று பாக் கஸ்னோ தினமும் அதற்கு வணக்கம் வைத்தார். வழி தெரிந்தவர்களுக்குப் பலகை எதற்கு? வெள்ளம் வந்தால் நாங்கள் போகும் இடம் பழைய கரும்பு ரயில் மேடு. தண்டவாளத்தை எப்போதோ பிடுங்கிவிட்டார்கள், மேடு இருக்கிறது. வாடை மாறினாலே எங்கள் ஆடுகள் வரிசையாக அங்கே போய் நிற்கும். அவை எந்த வகுப்பிலும் உட்காரவில்லை.

ஆக, பலகைகள் யாரையும் ஒன்றும் செய்யாது என்று நினைத்தோம். ஒருவரை மறந்துவிட்டோம்.

9. முர்னி அக்கா. எங்கள் தெருவுக்கு மருமகளாக வந்தவர். மலைமேல் உருளைக்கிழங்கு விளையும் ஊரைச் சேர்ந்தவர். கல்யாணத்துக்கு வந்தபோதுதான் முதன்முதலில் கடலைப் பார்த்தார். மறு வாரம் கடலே வீட்டுக்குள் வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போனது. அன்றைய வகுப்பில் முதல் வரிசையில், மடியில் குழந்தை கிலாங்கோடு, கண் இமைக்காமல் கேட்டவர் அவர் ஒருவர்தான். ஐயா, தங்கள் வகுப்பை ஒழுங்காகக் கேட்ட ஒரே ஆளைப் பற்றித்தான் இப்போது எழுதப்போகிறேன்.

போன மாதம் ஒரு மதியம் மீன்குட்டையின் கரை உடைந்து தண்ணீர் ஒரே மூச்சில் உள்ளே வந்தது. அக்காவின் கணவர் தொழிற்சாலையில். மாமியார் பக்கத்து ஊரில் துக்கம் கேட்கப் போயிருந்தார். நாங்கள் ஆடுகளோடு ரயில் மேட்டுக்கு ஓடினோம். முர்னி மாமியாரோடு போயிருப்பாள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டோம். அவர் வீட்டில்தான் இருந்தார். வகுப்பில் சொன்ன எல்லாவற்றையும் சொன்ன வரிசையில் செய்தார். மின்சாரத்தை நிறுத்தினார். முக்கியமான காகிதங்களைப் பிளாஸ்டிக் பையில் போட்டார். குழந்தையைத் தோள்துணியால் மார்போடு இறுக்கிக் கட்டினார். தாங்கள் கொடுத்த விசிலைக் கழுத்தில் மாட்டினார். வெளியே வந்து அம்பைப் பார்த்தார். அம்பு காட்டிய பக்கம் நடந்தார்.

முழங்காலில் இருந்த தண்ணீர் இடுப்புக்கு வந்தது. அடுத்த பலகையும் அதே பக்கம் காட்டியது. இடுப்பு நெஞ்சானபோது குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்ததாகச் சொன்னார். கடைசியில் மண்டபத்துப் படிக்கட்டில் எஞ்சியிருக்கும் மேல்படிகளில் ஏறி, தூணைக் கட்டிக்கொண்டு விசில் ஊதினார். மேட்டில் இருந்த எங்கள் யாருக்கும் கேட்கவில்லை. காற்று கடல் பக்கம் அடித்தது. கடலில் மட்டிக்காக நட்ட கம்பங்களிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பாக் கஸ்னோவின் படகுக்குத்தான் கேட்டது.

"ஏம்மா, நீ எங்க இந்தப் பக்கம்? மட்டி வேணும்னா ஒரு வார்த்தை சொன்னா நானே கொண்டாந்து குடுத்திருப்பேன்ல?"

"பலகை இந்தப் பக்கம்னு சொல்லுச்சுங்க, பாக்."

அதன்பின் கரை சேரும்வரை பாக் கஸ்னோ ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. அவரைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விபத்து என்று புரியும்.

10. மறுநாள் முர்னி அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். குழந்தைக்கு லேசாகக் காய்ச்சல். என்னை மட்டும் கொல்லைப்பக்கம் கூப்பிட்டார்.

"கினாசி, நீ படிக்கிற புள்ள. ஒண்ணு கேட்கிறேன், சிரிக்கக் கூடாது."

"சிரிக்க மாட்டேன், அக்கா."

"அம்பை எப்படிப் படிக்கிறது? கூரா இருக்கிற பக்கம் போகணுமா, வால் பக்கம் போகணுமா? எல்லாரும் மேட்டுக்குப் போயிருக்காங்க, நான் மட்டும்... நான்தான் மாத்திப் படிச்சுட்டேனா?"

எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் சிரிக்கிறவள் நான். சாவு வீட்டில் சிரித்து அடி வாங்கியிருக்கிறேன். அன்று சிரிப்பு வரவில்லை. மறுநாள் ஸ்பேனர் வந்தது.

11. திருப்பும்போது ஊரே பார்த்தது. யாரும் தடுக்கவில்லை, யாரும் பாராட்டவும் இல்லை. எல்லாரும் அந்த வழியாகப் போக ஏதோ ஒரு வேலையைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்து போனார்கள். பாக் சுமந்த்ரி சைக்கிளை நிறுத்தி, வானத்தைப் பார்த்தபடி, "வெயில்ல நிக்காதீங்க பிள்ளைங்களா, தொப்பி போட்டுக்கிட்டுத் திருப்புங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். இப்போது எல்லா அம்புகளும் ரயில் மேட்டைக் காட்டுகின்றன. எழுத்துத் தெரியாதவர்களுக்கும் மலையிலிருந்து வந்தவர்களுக்கும் புரிய வேண்டும் என்று, பச்சை மனிதனுக்கு முன்னால் ஓர் ஆடு வரைந்திருக்கிறோம். அவன் ஆட்டைத் துரத்துகிறான் என்று தங்கள் கடிதம் குற்றம் சாட்டுகிறது. ஆடு அவனுக்கு வழிகாட்டுகிறது. தமர் வரைந்ததால் அது கொஞ்சம் நாய் போலவும் இருக்கிறது. இந்த ஒரு குறையை ஒப்புக்கொள்கிறோம்.

கடலோரக் கடைசிப் பலகையின் ஆணி துருவேறித் திரும்ப மறுத்தது. அதனால் அந்த மனிதனுக்கு மட்டும் நீச்சல் கண்ணாடியும் இடுப்பில் ரப்பர் வளையமும் வரைந்தோம். அந்தப் பக்கம் போகிறவனுக்கு அவை தேவைப்படும். 'அரசுச் சொத்துக்குச் சேதம்' என்று இதைத்தான் குறிப்பிடுகிறீர்கள் என்றால், சேதம் செய்த உப்பின் மேல் முதலில் நடவடிக்கை எடுக்கவும்.

12. போன வாரம் திரு. ஹென்ட்ராவான் தங்கள் கடிதத்தோடு வீட்டுக்கு வந்தார். இந்த முறை வாசலில் குனிந்தார். கற்றுக்கொள்கிறார். தேநீரைத் தொடாமல் சொன்னார்:

"கினாசி, அம்பு வரைபடத்தோட ஒத்துப்போகணும்மா. ஆய்வுக்கு வர்றாங்க. விருது உங்க ஊருக்குத்தானே?"

"வரைபடம் கடலோட ஒத்துப்போகலையே, பாக். கடலுக்கும் ஒரு கடிதம் போட்டீங்களா?"

"ஊரே ஒத்துக்கிட்டதும்மா. ஆதாரம் இருக்கு."

வகுப்பில் எடுத்த காணொளியைக் கைப்பேசியில் காட்டினார். பார்த்தேன். என் ஊர் முழுவதும் அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் இருந்தது. மடியில் செருப்பு, காலடியில் கடல், முகத்தில் சிரிப்பு. "சரிங்க" என்றது. மூலையில் என் அம்மா என்னைக் கிள்ளுவதும் பதிவாகியிருக்கிறது. முதல் வரிசையில் முர்னி அக்கா தலையாட்டினார். அவர் ஒருவர்தான் உண்மையாகவே தலையாட்டினார்.

மண்டபத்துப் படியில் என்ன நடந்தது என்பதை அப்போதுதான் அவருக்குச் சொன்னேன். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "யாராவது ஒருத்தர் தப்புன்னு சொல்லியிருந்தா நான் மாத்தியிருப்பேனே" என்றார். ஐயா, அதை நான் நம்புகிறேன். என் புகார் அவர் மேல் இல்லை. "சரிதானே?" என்ற அந்தக் கேள்வியின் மேல். சரிதானே என்று கேட்டால் சரிங்க என்றுதான் சொல்வோம். எங்களைப் பெற்றவர்கள் அப்படித்தான் வளர்த்தார்கள். "எங்கே தப்பு, சொல்லிக் கொடுங்க" என்று விருந்தாளியே கேட்டால் கதை வேறு. அப்போது சொல்லாமல் இருப்பதுதான் மரியாதைக் குறைவு. அந்த ஒரு கேள்வியை அன்று அவர் கேட்டிருந்தால், பாக் கஸ்னோ சாயங்காலம் வரை பேச்சை நிறுத்தியிருக்க மாட்டார்.

13. தங்கள் கடிதம் எங்களை 'விழிப்புணர்வு குறைந்த கடலோர மக்கள்' என்கிறது. பாய் நனைந்தால் எழுகிறோம், விழிப்பு வந்துவிடுகிறது. முதுகு குளிர்கிறது, உணர்வும் வந்துவிடுகிறது. குறைவது வேறு ஒன்று. எங்களிடம் இருப்பதைத் தங்கள் மேசைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் வாய். கிராமத்துக்கு ஒரு துடுக்கு வாய் வீதம் தங்கள் திட்டத்தில் ஒதுக்கீடு செய்தால் நல்லது. தம்பாக்வுங்குக்கு ஏற்கனவே ஒன்று இருக்கிறது.

14. மன்னிப்புக் கேட்கும்வரை என் நன்னடத்தைச் சான்றிதழை நிறுத்தி வைக்கப் பள்ளிக்குச் சொல்லியிருக்கிறீர்கள். அது இல்லாமல் கப்பல் தொழிற்பயிற்சிக்கு நான் விண்ணப்பிக்க முடியாது, தெரிந்துதான் எழுதுகிறேன். சான்றிதழைத் தாங்களே வைத்துக்கொள்ளவும். உயரமான இடத்தில் வைக்கவும். ஈரம் பட்டால் மை கரையும்.

ஆகவே கேட்டுக்கொள்வது:

அம்புகள் இப்போது இருக்கும்படியே இருக்க வேண்டும். ரயில் மேட்டைத் தஞ்சமிடமாக வரைபடத்தில் குறிக்க வேண்டும். ஆணி துருவேறிய அந்தக் கடைசிப் பலகையைப் பிடுங்கிவிட வேண்டும். நீச்சல் கண்ணாடி நினைவுப் பொருளாகத் தமருக்கு வேண்டுமாம். அடுத்த வகுப்பைத் தண்ணீர் ஏறும் நேரத்தில், எங்கள் வீட்டில், காலணி இல்லாமல் நடத்த வேண்டும். முதல் கேள்வி "எங்கே தப்பு?" என்று இருக்க வேண்டும். பனிக்கரடியை அழைத்து வருவதில் ஆட்சேபணை இல்லை. பாக் கஸ்னோ விசாரித்தார்.

இதற்கெல்லாம் அதிகாரம் இல்லை, அம்புகள் பழையபடியே இருந்தாக வேண்டும் என்றால், பௌர்ணமி மதியம் தாங்களே நேரில் வந்து திருப்பி வைக்குமாறு அழைக்கிறோம். திருப்பிய பிறகு, அவை காட்டும் வழியில் தாங்கள் முன்னால் நடக்க வேண்டும். நாங்கள் மேட்டில் ஆடுகளோடு நின்று கை தட்டுவோம். படகு தயாராக இருக்கும்.

15. இந்த மனுவை நேற்று ஊர்க்கூட்டத்தில் சத்தமாகப் படித்தேன். கையெழுத்துப் போடுவீர்களா என்று கேட்டேன். "சரிங்க" என்றார்கள். அது எந்தச் 'சரிங்க' என்று தெரியவில்லை. யாரும் எழுந்திருக்கவும் இல்லை. அவரவர் செருப்பை அவரவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது முர்னி அக்கா குழந்தையை என் அம்மாவின் மடியில் வைத்துவிட்டு வந்து பேனாவை வாங்கினார்.

அதற்குப் பிறகு நடந்ததைத் தாங்கள் ஏற்கனவே அறிவீர்கள், ஆனாலும் பதிவுக்காக எழுதுகிறேன். இன்று காலை தங்கள் அலுவலகத்திலிருந்து பாக் சுமந்த்ரிக்குத் தொலைபேசி வந்தது. அவருக்குக் காது மந்தம். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். கையெழுத்து வாங்கப் போயிருந்த நானும் கேட்டேன்.

"அம்பையெல்லாம் பழையபடி திருப்பி வெச்சாச்சு, சரிதானே பாக்?"

அவர் வாய் 'ச' வரைக்கும் போனது. நான் பார்த்தேன். பிறகு மூடிக்கொண்டது. முன்னால் இருந்த தேநீரை ஒரே மடக்கில் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்:

"இல்லைங்க."

அவர் கண்ணைத் திறந்து, வீடு இன்னும் இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்தார். இருந்தது. உடனே இன்னொரு தடவை, கொஞ்சம் பலமாக:

"இல்லைங்க. திருப்ப மாட்டோங்க. அந்த மண்டபம் கடலுக்குள்ள இருக்கு, தம்பி."

ஐயா, ஈரக் காற்று என்று அவர் சொன்னதன் முழுப்பொருள் அதுதான். இந்த முறை அறிக்கையில் சரியாகப் பதிவு செய்யுமாறு கேட்டுக்கொண்டு முடிக்கிறேன்.

இடம்: தம்பாக்வுங்கு (ரயில் மேடு, வீட்டில் தண்ணீர்)
நாள்: 9.5.2025

இப்படிக்கு,
இன்னும் மன்னிப்புக் கேட்காத,
கினாசி

உடன் கையெழுத்திட்டவர்கள்: இரண்டு பக்கங்கள் இணைக்கப்பட்டுள்ளன. பாக் சுமந்த்ரி, பாக் கஸ்னோ, கிள்ளிய என் அம்மா உள்பட.

முதல் கையெழுத்து: முர்னி, கிலாங்கின் தாய். அம்பைச் சரியாகத்தான் படித்தவர்.